கட்டம் போட்ட போர்வை ஏன் சுருளாது?

பழைய டிசர்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி துடைக்க ஒதுக்கி வைத்த பருத்தி டிசர்ட் போதும். அடியில் இருக்கும் மடிப்புத் தையலுக்கு ஓரங்குலம் மேலே குறுக்காகக் கத்தரித்து, வெட்டிய விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்து விடுங்கள். விளிம்பு தானாகவே வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். இப்போது மேலிருந்து கீழாக ஒரு வெட்டு போடுங்கள். அந்த விளிம்பும் சுருளும், ஆனால் இந்த முறை உள்பக்கமாக. ஒரே துணி, ஒரே நூல். விளிம்பின் திசை மாறியதும் சுருளும் திசையும் மாறிவிட்டது.

கைபேசி கேமராவை நன்றாக நெருக்கிவைத்து அந்தத் துணியைப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் ‘வி’ வடிவக் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு போகும். உள்பக்கத்தில் ‘வி’ எதுவும் தெரியாது. சின்னச் சின்ன வளைவுகள் குறுக்கு வரிசைகளாக அடுக்கியிருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இந்தத் துணிக்கு சிங்கிள் ஜெர்சி என்று பெயர். இதையே இரண்டு ஊசி வைத்துக் கையால் பின்னினால் ஸ்டாக்கினெட் என்பார்கள். இயந்திரம் மளமளவென்று பின்னித் தள்ளுவதும், ஒரு பெண் மாலை நேரத்தில் சோபாவில் உட்கார்ந்து நான்கு வரிசை பின்னுவதும் அடிப்படையில் ஒரே வேலைதான்: இருக்கும் கண்ணிக்குள் நூலை நுழைத்து அடுத்த கண்ணியை இழுப்பது.

கைப்பின்னலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் திணறுவது இந்தச் சுருளில்தான். வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தில் மாலைகளில் சிலர் ஊசியும் நூலுமாகக் கூடுவோம். தங்கைக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்காகப் போர்வை பின்ன ஆரம்பித்த ஒரு பெண், ஒரு முழம் பின்னி முடித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ஆன்ட்டி, நாலு பக்கமும் சுருட்டிக்குது. அயர்ன் பண்ணியும் பார்த்துட்டேன். கொஞ்ச நேரம் நிக்குது, அப்புறம் பழையபடி ஆயிடுது. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல.”

“தப்பே இல்லம்மா. கண்ணியெல்லாம் ஒரே சீரா விழுந்திருக்கு. இந்தப் பின்னல் இப்படித்தான் சுருளும்.”

அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. சுருளாத போர்வைதானே வேண்டும்! அதற்கு வழி இஸ்திரிப் பெட்டியில் இல்லை, டிசைனில் இருக்கிறது. போர்வையில் கட்டம் போடுவதும் கோடு போடுவதும் பார்வைக்கு அழகு சேர்க்க மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பின்னலில் டிசைன்தான் துணியின் உடல்வாகு. அது தட்டையாகக் கிடக்குமா, இழுத்தால் எவ்வளவு நீளும், எந்தப் பக்கம் நீளும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது டிசைன். ஏன் அப்படி என்று ஒருமுறை புரிந்துவிட்டால், முதல் போர்வையை எந்தக் குறிப்பும் பார்க்காமலே பின்னிவிடலாம்.

தறியில் நெய்த துணியோடு ஒப்பிட்டால் விஷயம் சீக்கிரம் பிடிபடும். தறியில் பாவு நீளவாக்கில் போகிறது, ஊடை குறுக்கே போகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று மேலும் கீழுமாகக் கடந்தாலும், ஒவ்வொரு இழையும் கிட்டத்தட்ட நேராகத்தான் ஓடுகிறது. அதனால் வேட்டியை நீளவாக்கிலோ அகலவாக்கிலோ இழுத்தால் அது கொடுக்காது. பின்னலில் நேரான இழை என்று ஒன்று கிடையவே கிடையாது. நூல் முழுவதும் வளைவுகள். டிசர்ட்டை இழுக்கும்போது நூல் நீள்வதில்லை. வளைவுகள் வடிவம் மாறுகின்றன. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் இப்படித்தான். எஃகுக் கம்பி நீள்வதில்லை, அதன் சுருள்தான் விரிகிறது. இழுப்பதை விட்டதும் வளைவுகள் தங்கள் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கின்றன.

பாரிஸின் எகோல் நார்மால் சுப்பீரியர் நிறுவனத்தில் சாமுவேல் போயங்க்ளூ, மொக்தார் அத்தா-பெதியா, ஃபிரெடெரிக் லெஷெனோ ஆகியோர் நைலான் நூலில் பின்னிய சிங்கிள் ஜெர்சித் துணியை மெதுவாக இழுத்து அளந்து பார்த்தார்கள். 2018இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு மூன்று விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. நூலின் நீளம் மாறாது. நூலை வளைக்க ஆற்றல் செலவாகும். எந்த நூல் எதன்மேல் கடக்கிறது என்ற ஒழுங்கு மாறாது. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டே, இழுக்கும்போது துணி எந்த வடிவத்துக்கு வரும் என்பதை அவர்களால் பெருமளவு கணிக்க முடிந்தது. அதே குழு இன்னொன்றையும் கவனித்தது. துணியை இழுக்கும்போது கண்ணிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவது சீராக நடப்பதில்லை. உராய்வு பிடித்து வைத்து, திடீரென்று விடுகிறது. இந்தக் குட்டி வழுக்கல்களில் சின்னவை ஏராளம், பெரியவை அரிது. நிலநடுக்கங்களின் அளவிலும் இதே கணக்குத்தான். புதிதாகப் பின்னிய துணியை முதல்முறை இழுக்கும்போது விரல்களுக்கு ஒரு மெல்லிய கரகரப்பு தெரியுமே, அது கண்ணிகள் இடம் தேடி உட்காருவது.

எனக்கு இதைவிட வியப்பான சங்கதி ஒன்று உண்டு. ஒரு குழந்தைப் போர்வைக்கு ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நூல் போகும். தொடக்கத்திலும் முடிவிலும் போடும் முடிச்சுகளையும், உருண்டை மாறும்போது போடும் இணைப்புகளையும் விட்டுவிட்டால், அந்தப் போர்வைக்குள் ஒரு முடிச்சுகூடக் கிடையாது. கடைசிக் கண்ணியை அவிழ்த்து நூலை இழுத்தால் முழுப் போர்வையும் நேர் நூலாகிவிடும். ஒவ்வொரு கண்ணியையும் அதற்கு மேலிருக்கும் கண்ணி பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால் அந்த நெடுவரிசை மட்டும் மேலிருந்து கீழாகப் பிரிந்துகொண்டே போகிறது. பதற வேண்டாம். ஒரு குரோஷா ஊசியைக் கீழே விட்டு, பிரிந்த இழைகளை ஒவ்வொன்றாகக் கண்ணிக்குள் இழுத்து மேலே ஏற்றிவிடலாம். இதை முதல் வாரமே வேண்டுமென்றே ஒரு கண்ணியை நழுவவிட்டுப் பழகிக்கொள்வது நல்லது. அப்புறம் பின்னலைப் பார்த்துப் பயமே இருக்காது.

இனி இரண்டு அடிப்படைப் பின்னல்களுக்கு வருவோம்: நிட், பர்ல். கைப்பின்னலில் இருக்கும் அத்தனை டிசைனுக்கும் அடித்தளம் இந்த இரண்டுதான். புதிய கண்ணியைப் பழைய கண்ணியின் பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் நிட். முன்னாலிருந்து பின்னால் தள்ளினால் பர்ல். உண்மையில் இரண்டும் ஒன்றே. நீங்கள் நிட் போட்ட கண்ணியை மறுபக்கம் உட்கார்ந்திருப்பவர் பார்த்தால் அது பர்ல். நிட் என்பது ‘வி’யாகத் தெரியும், பர்ல் என்பது குட்டி மேடாகத் தெரியும்.

சுருள்வதன் காரணம் ஒற்றைக் கண்ணிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நிட் கண்ணிக்கு இரண்டு கால்கள், மேலே ஒரு தலை. கால்கள் துணியின் முன்பக்கம் எழும்பி நிற்கும். தலை, அடுத்த வரிசைக் கண்ணியின் கால்களுக்குப் பின்னால் போய்விடும். பாதங்களும் அதேபோல் பின்னால்தான். ஆகவே மேலிருந்து கீழாகப் பார்த்தால் நூல் நடுவில் முன்பக்கம் புடைத்து, இரண்டு முனைகளிலும் பின்பக்கம் வளைந்திருக்கிறது. வளைந்த நூல் நிமிரத்தான் பார்க்கும். நிமிர வேண்டுமென்றால் முனைகள் முன்னே வர வேண்டும். துணியின் நடுவில் இருக்கும் கண்ணியை அக்கம்பக்கத்துக் கண்ணிகள் விடாமல் பிடித்துக்கொள்ளும். விளிம்பில் இருக்கும் கண்ணியைப் பிடிக்க ஒரு பக்கத்தில் ஆளில்லை. அதனால் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் முன்பக்கமாகச் சுருளுகின்றன.

இடமிருந்து வலமாகப் பார்த்தால் நிலைமை தலைகீழ். தலைவளைவு நடுவில் பின்னால் இருக்கிறது, அதன் இரு பக்கமும் கால்களாக இறங்கி முன்னால் வருகின்றன. இது நிமிர வேண்டுமானால் பக்கங்கள் பின்னே போக வேண்டும். ஆகவே இடது, வலது விளிம்புகள் பின்பக்கமாகச் சுருளுகின்றன. டிசர்ட்டில் நீங்கள் கண்ட இரண்டு திசைச் சுருளும் இதுதான். எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கம் பார்த்து நிற்பதால், எல்லோருடைய முனைப்பும் ஒரே திசையில் சேர்ந்துவிடுகிறது.

அப்படியானால் பாதிக் கண்ணிகளை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் திருப்பி நிறுத்திவிட்டால்? அதைத்தான் டிசைன் செய்கிறது. ஒரு நெடுவரிசை நிட், அடுத்த நெடுவரிசை பர்ல் என்று மாற்றிக்கொண்டு போனால் அது ரிப். டிசர்ட்டின் கழுத்துப் பட்டையை உற்றுப் பாருங்கள், ரிப்தான் இருக்கும். நிட் நெடுவரிசைகள் முன்னே வந்துவிட, பர்ல் நெடுவரிசைகள் பின்னே ஒதுங்கி மறைந்துகொள்ளும். துணி அகலத்தில் சுருங்கி, இழுத்தால் நிறைய விரியும். தலை நுழையும்போது விரிந்து கழுத்தில் வந்து பொருந்துவது அதனால்தான். நெடுவரிசைக்குப் பதில் குறுக்கு வரிசைகளை மாற்றினால் கார்ட்டர் பின்னல். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி வெறும் நிட் மட்டுமே போட்டுக்கொண்டு போனாலே இது வந்துவிடும். இது நீளவாக்கில் சுருங்கி, நீளவாக்கில் இழுபடும், சுருளவே சுருளாது. ஒவ்வொரு கண்ணியையும் இரண்டு திசையிலும் மாற்றி மாற்றிப் போட்டால் சீட் பின்னல். விதை தூவியதுபோல் மேடும் பள்ளமுமாக வரும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எலிசபெட்டா மட்சுமோட்டோவின் குழு இந்த நான்கையும், அதாவது ஸ்டாக்கினெட், ரிப், கார்ட்டர், சீட் ஆகியவற்றைப் பின்னி, இழுத்து அளந்து, கணினியிலும் உருவாக்கிப் பார்த்தது. 2024இல் அந்த ஆய்வு வெளியானது. நூலை மாற்றாமல், நிட்டும் பர்லும் எந்த ஒழுங்கில் வருகின்றன என்பதை மட்டும் மாற்றினாலே துணியின் விறைப்பு பெருமளவு மாறுகிறது என்பதை அது எண்களில் காட்டியது. உடலோடு ஒட்டி நிற்க வேண்டிய மருத்துவப் பட்டைகளுக்கும், வளையக்கூடிய ரோபோ பாகங்களுக்கும் இந்த அறிவு பயன்படும் என்று இத்துறையில் இருப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். பாட்டிமார்கள் சாக்ஸின் மேல்விளிம்புக்கு ரிப்பும் சால்வையின் ஓரத்துக்குக் கார்ட்டரும் போட்டுக்கொண்டிருந்தது கைப்பழக்கத்தில் தேறிய பொறியியல். அதற்குரிய மரியாதை இப்போதாவது கிடைப்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சரி, போர்வைக்கு வருவோம். முதல்முறை பின்னுகிறவருக்கு நான் சொல்வது கட்டம் போட்ட போர்வை: ஒரு கட்டம் நிட், பக்கத்துக் கட்டம் பர்ல், சதுரங்கப் பலகையில் வருகிற மாதிரி மாறி மாறி. ஒரே நிறம் போதும். பாதிப் பரப்பு நிட், பாதிப் பரப்பு பர்ல் என்பதால் சுருளும் முனைப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், போர்வை தட்டையாகக் கிடக்கும். கட்டங்கள் தாமாகவே உப்பலாகத் தெரிவதற்கும் இதே காரணம்தான். பக்கவாட்டு எல்லையில் நிட் முன்னே வரும், பர்ல் பின்வாங்கும். மேல்-கீழ் எல்லையில் பர்ல் முன்னே வரும், நிட் பின்வாங்கும். ஒவ்வொரு கட்டமும் இரண்டு பக்கம் எழும்பி இரண்டு பக்கம் தாழ்ந்து, பாய் முடைந்த தோற்றம் வந்துவிடுகிறது.

அளவு சொல்கிறேன். நடுத்தரத் தடிமன் நூல், 5 மி.மீ. ஊசி. கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்ணைச் சொல்லிக் கேட்டால் இது 6ஆம் நம்பர். அந்தக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அதனால் மி.மீ. பார்த்து வாங்குவதே நல்லது. இப்படிப் பின்னினால் பலருக்கு 10 செ.மீ. அகலத்தில் 18 கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் 26 வரிசை வரும். ஒரு கண்ணியின் அகலம் அதன் உயரத்தைவிட அதிகம் என்பதை இதிலேயே பார்க்கலாம். 6 கண்ணிக்கு 6 வரிசை என்று போட்டால் கட்டம் சதுரமாக வராமல் சப்பையாகிவிடும். 6 கண்ணிக்கு 8 வரிசை போட்டால் 3.3 செ.மீ.க்கு 3.1 செ.மீ.; கண்ணுக்குச் சதுரம்தான். 8 இரட்டைப்படை எண் என்பதால் கட்டம் மாறுவது எப்போதும் முன்பக்கத்திலேயே வரும், குழப்பம் இருக்காது.

138 கண்ணி ஏற்றுங்கள். இரு ஓரத்திலும் 6, 6 கண்ணி கார்ட்டர் கரைக்கு. நடுவில் 126 கண்ணி, அதாவது 21 கட்டம். ஒற்றைப்படை எண் என்பதால் இரு முனையிலும் ஒரே வகைக் கட்டம் வரும். முதல் 10 வரிசை வெறும் நிட், அதுதான் அடிக்கரை. பிறகு முன்பக்க வரிசையில் கரைக்கு 6 நிட். அடுத்து 6 நிட், 6 பர்ல் என்று மாறி மாறிப் போய், கடைசியில் கரைக்கு 6 நிட். திரும்பி வரும் பின்பக்க வரிசையில் கரை இரண்டும் நிட்தான். நடுவில் எண்ணவே வேண்டாம். ஊசியில் அடுத்து நிற்கும் கண்ணிக்குக் கீழே பாருங்கள். ‘வி’ தெரிந்தால் நிட், மேடு தெரிந்தால் பர்ல். எட்டு வரிசை முடிந்ததும் ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் இதைத் தலைகீழாக்குங்கள்: ‘வி’ மேல் பர்ல், மேட்டின்மேல் நிட். அதோடு புதிய அடுக்குக் கட்டம் தொடங்கிவிடும், மறுபடி பழைய விதிக்கு வந்துவிடலாம். இப்படி 23 அடுக்கு, அதாவது 184 வரிசை. மேலே 10 வரிசை நிட் போட்டு, கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி முடித்துவிடுங்கள்.

அகலம் சுமார் 77 செ.மீ., உயரமும் ஏறக்குறைய அதே. மொத்தம் 204 வரிசை, 28,152 கண்ணி. கட்டங்கள் தங்களுக்குள் சமன் செய்துகொண்டாலும், ஓரத்தில் இருக்கும் கட்டம் மடங்கப் பார்க்கும். அதை அமுக்கிப் பிடிப்பதற்குத்தான் கார்ட்டர் கரை.

இந்தக் கணக்கு உங்கள் கைக்குப் பொருந்துமா என்று தெரிந்துகொள்ள, ஒரு சாண் சதுரத் துண்டு பின்னி, நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணிகளை எண்ணுங்கள். கை தளர்வானவருக்கு 16தான் வரும். அதே 138 கண்ணிக்கு அவருடைய போர்வை 86 செ.மீ. அகலமாகிவிடும், நூலும் பத்தாமல் போகும். அவர் ஊசியை ஒரு அளவு மெலிதாக்கினால் சரியாகிவிடும். இன்னொன்று: 138 கண்ணி நேர் ஊசியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். இரண்டு ஊசிகளை ஒரு வளையும் கம்பி இணைக்கும் சர்க்குலர் ஊசி, 80 செ.மீ. நீளத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வட்டமாகப் பின்ன வேண்டிய கட்டாயமில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் திருப்பிக்கொண்டு பின்னலாம், பாரம் மடியில் தங்கிவிடும். நம் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கும் போனி ஊசிகள் நீலகிரியில் கேத்தி அருகே எல்லநள்ளியில் செய்யப்படுபவை. அந்த நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலை 1949இல் தொடங்கியது.

சென்னையில் போர்வைப் பேச்சு எடுத்தால் இன்னொரு போர்வையைச் சொல்லாமல் நகர முடியாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளம் வேளச்சேரியை மூழ்கடித்தது. இரண்டு மாதம் முடிவதற்குள், 2016 ஜனவரி 31 அன்று, இதே சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற பெண்கள் குழு உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய குழு அது. போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 50 கிரவுண்டு!

அதை இரண்டு ஊசிப் பின்னலில் செய்திருந்தால் பாடு பெரிதாகியிருக்கும். குரோஷாவில் ஒரே ஒரு கொக்கி ஊசி. எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. ஒவ்வொரு கண்ணியும் முடிந்த கையோடு பூட்டப்பட்டுவிடுகிறது. பை ஒன்றில் போட்டுக்கொண்டு ரயிலில் பின்னலாம், பாதியில் நிறுத்தலாம், கண்ணி நழுவி நெடுவரிசை பிரியும் பேச்சே இல்லை. ஒவ்வொரு வரிசைக்கும் திருப்பிப் பின்னுவதால் இரண்டு முகமும் மாறி மாறி வந்து, கார்ட்டரைப் போலவே சதுரம் தட்டையாக நிற்கும். ஆயிரக்கணக்கான சதுரங்களை எங்கெங்கோ இருக்கும் பெண்கள் தனித்தனியே முடித்து, நான்கு பக்கத்தில் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் அடுத்ததோடு இணைக்க முடிந்தது இதனால்தான். பதிலுக்கு, பூட்டப்பட்ட கண்ணி என்பதால் பின்னலைப் போல் அவ்வளவு இழுபடாது, மடிப்பிலும் கொஞ்சம் விறைப்பு இருக்கும். தொடங்குகிறவர் எதை எடுப்பது என்று கேட்டால், உடலோடு குழைந்து கிடக்க வேண்டுமானால் இரண்டு ஊசி, துண்டு துண்டாகச் செய்து சேர்க்க வேண்டுமானால் குரோஷா என்பேன்.

“வேளச்சேரி வெக்கையில் போர்வை எதற்கு?” என்ற கேள்வி எப்படியும் வரும். முதலில் ஒரு தகவல். இதுவரை கிடைத்திருக்கும் மிகப் பழைய உண்மையான நிட்டிங் துணிகளில் எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகள் முக்கியமானவை. சுமார் 11 முதல் 14ஆம் நூற்றாண்டுக்கு உட்பட்டவை. நீலமும் வெள்ளையுமாக டிசைன் போட்டவையும் அவற்றில் உண்டு. பின்னல் என்றாலே பனிநாட்டுக் கம்பளி என்பது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட எண்ணம். பருத்தியும் நீலச்சாயமும் நமக்கு அந்நியமா என்ன?

இரண்டாவது, இப்போதைய படுக்கையறைகள். 2020 ஜனவரி முதல் நாட்டில் விற்கும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. பலர் அதையும் இறக்கி வைக்கிறார்கள். விடியற்காலையில் ஒரு மெல்லிய போர்வை தேவைப்படுகிறது. போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. கண்ணிகளுக்கு இடையில் அசையாமல் நிற்கும் காற்றுதான் உடல் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. நிற்கும் காற்றின் வெப்பம் கடத்தும் திறன் 0.026 அளவு என்றால், தண்ணீருக்கு 0.6, இருபது மடங்குக்கும் மேல். போர்வை வியர்வையில் நனைந்தால் காற்றின் இடத்தில் தண்ணீர் வந்துவிடும், கதகதப்பு போய்விடும். மேடும் பள்ளமுமான கட்டப் பின்னல் தோலோடு முழுக்க ஒட்டாமல் காற்றுக்கு இடம் விடுகிறது. கரண்ட் போய் ஏசி நின்றதும் உதறி எடுத்துவிடலாம்.

நூல் தேர்வில் கொஞ்சம் கவனம் தேவை. கடையில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் அக்ரிலிக். அதில் ஆட்டு ரோமம் ஓரிழைகூட இல்லாமலிருக்கலாம். லேபிளைப் படியுங்கள். லேபிள் தொலைந்துபோன நூல் என்றால், ஒரு விரற்கடைத் துண்டை இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். கம்பளி மயிர் பொசுங்கும் வாடை அடித்துத் தானே அணையப் பார்க்கும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். வழக்கமான சோதனை ஈரப்பதத்தில் கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவீதமும், பருத்தி 8 சதவீதமும் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அக்ரிலிக் 2 சதவீதத்தைத் தாண்டாது. வியர்க்கும் ஊரில் அக்ரிலிக் போர்வை பிசுபிசுப்பதற்குக் காரணம் இதுதான். அது மலிவு, நிறம் போகாது, பூச்சி அரிக்காது என்பதெல்லாம் உண்மை. கம்பளியை அந்துப்பூச்சியின் புழு தின்னும், பாச்சை உருண்டை போட்டு வைக்க வேண்டும். ஆனாலும் சென்னைக் குழந்தைக்கு என்றால் நான் பருத்தியைத்தான் சொல்வேன். பருத்தி நூலில் சுருக்கம் விரிவு குறைவு, முதல் சில வரிசைகள் விரலை வருத்தும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அக்ரிலிக்கில் பின்னியிருந்தால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சூட்டில் இழைகள் தளர்ந்து, நிமிரும் முனைப்பையே இழந்துவிடும். கட்டங்களின் உப்பல் நிரந்தரமாக அமுங்கிப்போகும். எங்கள் அடுக்ககப் பெண் கொஞ்ச நேரமே சூடு காட்டியதால் அவளுடைய துண்டு தப்பியது. அதைப் பிரித்து, அதே நூலில் கட்டப் போர்வை ஆரம்பித்திருக்கிறாள்.

குழந்தைக்குப் பின்னுகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது தளர்வான போர்வை எதுவும் தொட்டிலில் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. முகத்தை மூடிவிடும் ஆபத்து உண்டு. விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் படுக்கவைக்க, மடியில் வைத்துக்கொள்ள, வண்டியில் கண்ணெதிரே போர்த்திவிட இந்தப் போர்வை. பெரிய ஓட்டை விழும் டிசைன்களையும் தவிர்த்துவிடுங்கள், பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். கட்டப் பின்னலில் அந்தக் கவலை இல்லை.

பின்னி முடித்ததும் ஒருமுறை சாதாரணத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து எடுங்கள். முறுக்கிப் பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுங்கள். கொடியில் தொங்கவிட வேண்டாம். நனைந்த பருத்தியின் எடை முழுவதையும் மேல் வரிசைக் கண்ணிகள் தாங்கும். அவை நீள்வாட்டில் இழுபட்டு, காய்ந்தபின்னும் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். தரையில் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் போர்வையைப் போட்டு, கரையை நேராக்கி, நான்கு பக்கமும் அளந்து சதுரமாக்கி விடுங்கள். ஈரத்தில் உராய்வு தளர்ந்திருக்கும்போது கண்ணிகள் தங்கள் இடத்தில் உட்காரும், காயும்போது அப்படியே நிலைக்கும். மொட்டை மாடி நிழலில் என்றால் ஒரு பகல் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் விட்டு, நடுவில் ஒருமுறை புரட்டிப் போடுங்கள்.